கூலி யாரிடமிருந்து வருகிறது: திருவனந்தபுரத்தில் நிதி ஆலோசகர் வேலை

நிதி ஆலோசகர் என்ற ஒரே பெயரில் இந்தியாவில் மூன்று தொழில்கள் நடக்கின்றன. காப்பீட்டு முகவர் பாலிசி விற்றுக் காப்பீட்டு நிறுவனத்திடம் கமிஷன் வாங்குகிறார். மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர் ஃபண்டில் பணம் போடவைத்து ஃபண்டு நிறுவனத்திடம் கமிஷன் வாங்குகிறார். பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் எதையும் விற்பதில்லை. ஆலோசனை கேட்டு வந்த குடும்பத்திடமே கட்டணம் வாங்குகிறார். மூவரும் ஒரே மாதிரி பேசி, ஒரே மாதிரி விசிட்டிங் கார்டு நீட்டுவதால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. இந்த வேலை மனசுக்கு நிறைவாக அமையுமா, மூன்றே வருடத்தில் கசந்துபோகுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தக் கூலி வரும் வழிதான். எண்களில் ஆர்வம், பேச்சுத்திறமை எல்லாம் அதற்குப் பிறகு.

முதலீட்டு ஆலோசகர்களுக்கான செபி விதிமுறைகள் 2013 ஜனவரியில் வந்தன. கமிஷன் சேராத ‘டைரக்ட்’ ஃபண்டு திட்டங்கள் தொடங்கியதும் அதே மாதம்தான். கட்டணம் வாங்கும் ஆலோசகர் பரிந்துரைக்க, கமிஷன் இல்லாத ஒரு சரக்கு கடையில் இருக்க வேண்டுமே! அதற்கு முன்பே, 2009 ஆகஸ்டில், ஃபண்டுகளின் நுழைவுக் கட்டணம் ஒழிந்திருந்தது. 2018 அக்டோபரில் முதலீட்டாளர் சேர்ந்ததும் மொத்தமாகக் கிடைத்துவந்த கமிஷனும் போய், பணம் ஃபண்டில் இருக்கும்வரை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வரும் ‘டிரெயில்’ மட்டும் மிஞ்சியது. 2020 திருத்தம் இன்னும் ஒரு கோடு போட்டது: ஒரே குடும்பத்திடம் ஆலோசனைக் கட்டணமும் விற்பனைக் கமிஷனும் இரண்டையும் வாங்கக் கூடாது, விநியோகஸ்தர்கள் தங்களைச் சுயேச்சை நிதி ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ளவும் கூடாது. பலகைகள் மாறின. தெருப்பேச்சில் இன்றைக்கும் எல்லோரும் அட்வைசர்தான்.

ஆள் எண்ணிக்கையைப் பார்த்தால் நிலைமை புரியும். எல்ஐசி முகவர்கள் மட்டுமே 13 லட்சத்துக்கு மேல். ஃபண்டு விநியோகஸ்தர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டுவார்கள். பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்களோ நாடு முழுவதற்கும் சேர்த்து ஆயிரத்தைச் சுற்றித்தான். இதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை, ஒரு சின்னக் கணக்கு போதும். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் பிரீமியம் கட்டும் எண்டோமென்ட் பாலிசி ஒன்றை விற்றால், முதலாண்டுக் கமிஷன் நூற்றுக்கு 25 என்று வைத்தாலே 25,000 ரூபாய். மறுபக்கம், நூறு குடும்பங்களைப் பிடித்து ஒவ்வொன்றையும் மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபியில் சேர்த்தால், ஆண்டு முழுக்க ஃபண்டில் இருக்கும் சராசரித் தொகை சுமார் 32 லட்சம், நூற்றுக்கு 0.8 டிரெயில் என்றால் வருவது ஏறக்குறைய 26,000. ஒரு மாலைப்பொழுதில் முடிந்த ஒரு விற்பனைக்கும், நூறு வீடு ஏறி இறங்கிய ஒரு வருடத்துக்கும் ஒரே கூலி. அந்த நூறு பேரும் ஐந்து வருடம் தவறாமல் கட்டினால் சேரும் அசல் மூன்று கோடி. சந்தை ஏற்றத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் அப்போதைய டிரெயில் மாதத்துக்கு 20,000 ரூபாய். முதல் மாதத்திலேயே நூறு குடும்பம் யாருக்கும் கிடைத்துவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டண வழியில் கணக்கு வேறு மாதிரி. 60 குடும்பங்கள் ஆண்டுக்கு 15,000 ரூபாய் வீதம் தந்தால் ஒன்பது லட்சம். தனிநபர் நன்றாகவே வாழலாம். விதிப்படி ஒரு குடும்பத்திடம் ஆண்டுக்கு 1,51,000 ரூபாய் வரையோ, ஆலோசனைக்கு உட்பட்ட தொகையில் 2.5 சதவீதம் வரையோ வாங்க இடமுண்டு. திருவனந்தபுரத்தில் அந்த உச்சவரம்பைப் பற்றி யோசிக்கும் தேவை அதிகம் பேருக்கு வராது. சிரமம் அந்த 15,000 ரூபாயைக் கேட்பதில்தான். டாக்டருக்கும் வக்கீலுக்கும் முகம் சுளிக்காமல் தருகிறவர்கள், பணத்தைப் பற்றிய பேச்சுக்குப் பணமா என்று திகைப்பார்கள். பாலிசியில் போன 25,000 கண்ணுக்குத் தெரிவதில்லை, கையால் எடுத்துத் தரும் 15,000 தெரிகிறது. கமிஷன் வாங்குவது பாவம் என்று சொல்வதற்கில்லை. பதினைந்து இருபது வருடம் ஒரே குடும்பங்களோடு நின்று, டிரெயிலிலேயே கௌரவமாக வாழும் விநியோகஸ்தர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் மாதக் கடைசியில் வீட்டு வாடகை நெருக்கும்போது கை எந்தப் படிவத்தை நோக்கிப் போகும் என்பதைக் கூலி வரும் வழி முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது.

கட்டண ஆலோசனைக்குத் திருவனந்தபுரத்தைப் போல வாய்ப்பான ஊர் தென்னிந்தியாவில் குறைவு. கொச்சி வணிகர்களின் ஊர், அங்கே பணம் சுழலும். திருவனந்தபுரத்தில் பணம் மாதச் சம்பளமாகவும் பென்ஷனாகவும் வருகிறது. தலைமைச் செயலகம், பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி, தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், 1990-இல் கழக்கூட்டத்தில் தொடங்கிய டெக்னோபார்க் என்று ஊரே நிலையான வருமானக்காரர்களால் ஆனது. கூடவே ஆற்றிங்கல், வர்க்கலைப் பக்கம் வளைகுடாப் பணம்.

இந்த ஊரின் பணக் காலண்டரில் பெரிய நாள் மே 31. முன்பெல்லாம் ஜூன் முதல் தேதி பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வயதைச் சரிக்கட்ட, பிள்ளைகளின் பிறந்தநாளை மே மாதத்தில் எழுதிச் சேர்ப்பது கேரளத்தில் சகஜம். அப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் அரசு வேலைக்குப் போய், 56 வயது நிறைந்ததும் ஒரே நாளில் கூட்டமாக ஓய்வு பெறுகிறார்கள். சில ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். அவர்கள் கைக்கு அடுத்த சில மாதங்களில் வந்து சேர்வது: உச்சவரம்பு 17 லட்சமான பணிக்கொடை, பென்ஷனில் 40 சதவீதம் வரை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் ‘கம்யூட்’ தொகை, சேமநிதி, விடுப்புச் சரண்டர். ஆயுள் முழுக்க மாதாமாதம் எண்ணிச் செலவழித்தவர் பாஸ்புக்கில் திடீரென்று ஐம்பது லட்சம் நிற்கும்.

வாசலில் ஆட்களும் நிற்பார்கள். வங்கியிலிருந்து ஒருவர் முதலீடு கலந்த காப்பீடான யூலிப் கொண்டுவருவார், கூட்டுறவுச் சங்கத்திலிருந்து அரை சதவீதம் கூடுதல் வட்டி, மருமகனிடமிருந்து ஃபிளாட் யோசனை. ஓய்வு பெற்றவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “எத்ர பலிச கிட்டும்?” வட்டி எவ்வளவு வரும் என்று. நல்ல ஆலோசகர் அதற்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு தாளை எடுத்துக் கோடு போடுகிறார். ஒரு பக்கம் பென்ஷன், மனைவிக்கு வருமானம் இருந்தால் அது. மறுபக்கம் வீட்டுச் செலவு, மருந்து, மகளின் கல்யாணம் இருக்கிறதா, வீட்டுக்கடன் பாக்கி இருக்கிறதா. பெரும்பாலான வீடுகளில் பென்ஷனே மாதச் செலவுக்குப் போதுமானதாக இருக்கும். அந்த வீட்டுக்கு வட்டி முக்கியமே இல்லை. இன்னும் முப்பது வருடத்துக்கு விலைவாசியோடு ஓடக்கூடிய ஒரு பங்கும், நாளைக்கே எடுக்கக்கூடிய ஒரு பங்கும்தான் அதற்குத் தேவை.

சட்டத்தின் நுணுக்கம் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். ஆனால் 55 வயது தாண்டி ஓய்வு பெற்றவர், பணப்பலன் கிடைத்த மூன்று மாதத்துக்குள் அதில் சேரலாம். 56-இல் ஓய்வு பெறும் கேரள ஊழியருக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற விதி. 2023-இல் இதன் உச்சவரம்பு 30 லட்சமாக உயர்ந்தது. 8.2 சதவீத வட்டியில் முழுத்தொகையும் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டவர் 60 வயதாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இதைச் சரியான நேரத்தில் சொன்ன ஆலோசகருக்கு ஒரு காசு கமிஷன் கிடையாது.

இதே அலுவலகங்களில் இன்னொரு தலைமுறை இருக்கிறது. 2013 ஏப்ரல் 1 முதல் கேரள அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை, தேசிய பென்ஷன் திட்டம்தான். ஓய்வு வயதும் 60. மத்திய அரசில் இந்தக் கோடு 2004 ஜனவரி 1. தும்பாவில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்காரும் இரண்டு பொறியாளர்களில் ஒருவருக்கு உறுதியான பென்ஷன், மற்றவருக்குச் சந்தையை நம்பிய ஒரு நிதி. 2025 ஏப்ரலில் ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டம் வந்தபோது அவருக்கு மாறுவதா இருப்பதா என்ற கேள்வியும் எழுந்தது. மூத்தவர் சொல்லும் அறிவுரை இளையவருக்குப் பொருந்தாது என்பதைப் புரியவைப்பதே பாதி வேலை.

பணத்தை இழந்த அனுபவம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1937-இல் இரண்டு வங்கிகள் சேர்ந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி மறு ஆண்டே, 1938-இல், கவிழ்ந்தது. 1960-இல் பாலா சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. அந்த அதிர்ச்சிதான் 1962-இல் இந்தியாவில் வைப்புத்தொகைக் காப்பீடு வருவதற்கு முக்கியக் காரணம். இன்று அந்தக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை. ஆனால் ஊருக்கு ஊர் பலகை மாட்டியிருக்கும் சர்வீஸ் கூட்டுறவு வங்கிகள் சட்டப்படி தொடக்க வேளாண் கடன் சங்கங்கள். அவற்றுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. 2021-இல் ரிசர்வ் வங்கியே இதை எச்சரித்து அறிக்கை விட்டது. அதே ஆண்டு திருச்சூர் மாவட்டத்தின் கருவன்னூர் கூட்டுறவு வங்கி மோசடி விவகாரம் வெடித்தது. தலைநகர மாவட்டத்திலேயே கண்டலா சங்கத்தில் போட்டவர்களும், பிஎஸ்என்எல் பொறியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் போட்டவர்களும் பணத்துக்காக அலைந்தார்கள். 2008-இல் இதே நகரத்தில் ‘டோட்டல் ஃபோர் யூ’ என்ற பெயரில் நடந்த மோசடியில் ஏமாந்தவர்களில் நன்றாகப் படித்தவர்கள் ஏராளம். ஆகவே, “இது வங்கியா, சங்கமா, யார் பொறுப்பு?” என்று ஆலோசகர் கேட்கும் எளிய கேள்விக்கு எந்த ஃபண்டு ஒப்பீட்டையும்விட இங்கே பயன் அதிகம். கூட்டுறவு என்றாலே விலக வேண்டும் என்பதும் மிகை. நன்றாக நடக்கும் சங்கங்கள் பல உண்டு, வைப்புத்தொகைக்கு மாநில அரசின் தனி உத்தரவாத நிதியும் உண்டு. மொத்தப் பணத்தையும் ஒரே சங்கத்தில் குவிப்பதுதான் தப்பு.

சீட்டு என்று தமிழில் சொல்லும் சிட்டியைத் தெரியாமல் கேரளத்தில் ஆலோசகராக இருக்க முடியாது. 1969-இல் தொடங்கிய மாநில அரசின் சிட்டி நிறுவனமான கேஎஸ்எஃப்இக்குக் கிளை இல்லாத சந்தை ஊர் அரிது. பல வீடுகளில் அதன் பாஸ்புக் ரேஷன் கார்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். வெளியூரில் பாடம் படித்து வந்த இளைஞர்கள் சிட்டியை எடுத்த எடுப்பில் மட்டம் தட்டுவார்கள். அதை முன்கூட்டித் தள்ளி எடுக்கிறவருக்கு அது கடன், கடைசிவரை பொறுத்திருப்பவருக்குச் சேமிப்பு. இரண்டுக்கும் வட்டி விகிதத்தைக் கணக்கிட்டுக் காட்டத் தெரிந்தால் போதும், முடிவை வீட்டுக்காரரே எடுத்துவிடுவார்.

வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் தனி ரகம். 2023-ஆம் ஆண்டின் கேரள இடப்பெயர்வு ஆய்வு வெளிநாடுகளில் இருக்கும் கேரளத்தவரைச் சுமார் 22 லட்சம் என்றது. திரும்பி வருகிறவருக்கு இரண்டு சட்டங்கள் இரண்டு விதமாகப் பேசும். அன்னியச் செலாவணிச் சட்டப்படி நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு வந்திறங்கியதுமே அவர் உள்நாட்டவர். வெளிநாட்டுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கை மாற்றியாக வேண்டும், அதன் வட்டிக்கு இருந்த வரிவிலக்கும் போய்விடும். வருமானவரிச் சட்டப்படியோ, பத்தில் ஒன்பது ஆண்டு வெளியே இருந்தவர் இன்னும் இரண்டொரு ஆண்டு ‘சாதாரணமாக வசிக்காத உள்நாட்டவர்’; வெளிநாட்டு வருமானத்துக்கு அதுவரை இங்கே வரி இல்லை. எந்த மாதத்தில் திரும்புவது, வெளிநாட்டு நாணயத்தில் போட்ட எஃப்சிஎன்ஆர் வைப்பை உடைப்பதா முதிரவிடுவதா என்பதெல்லாம் இதில் அடங்கும். டிக்கெட் போடுவதற்கு முன் கேட்பவர் பத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

தமிழ் பேசும் ஆலோசகருக்கு இங்கே ஒரு சிறு அனுகூலம் உண்டு. சாலைக் கடைத்தெருவின் வியாபாரிகள், கரமனை, வலியசாலை அக்ரகாரங்களின் பழைய குடும்பங்கள், நாஞ்சில் நாட்டிலிருந்து தினமும் ரயிலேறி வருகிறவர்கள் என்று மலையாளத்தில் வியாபாரம் பேசி, வீட்டு விஷயத்தைத் தமிழில் பேசுகிறவர்கள் நிறைய. சாலையில் கடைக்கணக்கும் வீட்டுக்கணக்கும் ஒரே கல்லாப்பெட்டியில் கிடக்கும். பிள்ளைகளோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ. அப்பாவுக்குப் பிறகு கடையை யார் நடத்துவது என்ற பேச்சை யாராவது வெளியாள் எடுத்தால்தான் வீட்டில் அது நடக்கும். பல சமயம் அந்த வெளியாள் ஆலோசகர்தான்.

நுழையும் வழி இப்போது முன்னைவிட எளிது. ஃபண்டு விநியோகஸ்தராக என்ஐஎஸ்எம் நடத்தும் ஐந்து-ஏ தேர்வில் 50 சதவீதம் எடுத்து, ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியிடம் ஏஆர்என் என்ற பதிவு எண் வாங்கினால் போதும். முதலீட்டு ஆலோசகருக்குப் பத்து-ஏ, பத்து-பி என்று இரண்டு தேர்வுகள், தேர்ச்சி 60 சதவீதம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிவும் உண்டு. 2020-இல் முதுநிலைப் பட்டமும் ஐந்தாண்டு அனுபவமும் கேட்ட செபி, 2024 டிசம்பர் திருத்தத்தில் பட்டப்படிப்பே போதும், அனுபவம் கட்டாயமில்லை என்று இறங்கிவந்தது. சொத்து மதிப்பு நிபந்தனையும் போய், 150 வாடிக்கையாளர் வரை ஒரு லட்சம் ரூபாய் வைப்பு என்றானது. வேறு வேலையில் இருந்துகொண்டே 75 பேர் வரை பகுதிநேர ஆலோசகராகப் பார்க்கவும் இடம் தந்தது. அனுபவம் கட்டாயமில்லை என்பதை நம்பி 23 வயதில் தனியாகக் கடை விரிப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஏற்கெனவே நடக்கும் ஆலோசனை அலுவலகத்தில் இரண்டு மூன்று வருடம் கோப்பு தூக்கினால், தேர்வு கற்றுத்தராத ஒன்று படியும்: ஒரு கணவனும் மனைவியும் பணத்தைப் பற்றிப் பேசும்போது யார் எதை மறைக்கிறார்கள் என்று கண்டுகொள்வது.

அன்றாட வேலையில் சந்தை பற்றிய பேச்சுக்கு வெளியார் நினைப்பதைவிடக் குறைந்த இடம்தான். ஒப்பந்தம், இடர் தாங்கும் திறனுக்கான கேள்வித்தாள், ஒவ்வொரு ஆலோசனைக்கும் எழுத்துப்பூர்வமான காரணம், ஆண்டுத் தணிக்கை, ஐந்து வருடம் ஆவணக் காப்பு என்று காகித வேலை நிறைய. சலிப்பு தட்டும், இதைத் தாங்காமல் பதிவைத் திருப்பித் தந்தவர்கள் உண்டு. சந்தை விழும் வாரங்களில் ஃபோன் ஓயாது. 2020 மார்ச்சில் அப்படித்தான் இருந்தது. அப்போது “விற்காதீர்கள்” என்று சொல்வது எளிது. விற்காமல் இருக்கும் அளவுக்கு அந்த வீட்டில் ரொக்கத்தை முன்பே ஒதுக்கவைத்திருந்தவர் சொன்னால்தான் அது எடுபட்டது.

நிறைவு வருகிற இடம் வேறு. குடும்பத் தலைவர் இறந்த வீட்டில் பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து மேஜையில் கொட்டுவார்கள். கட்டிமுடித்த எல்ஐசி பாண்டு, கருவூலச் சேமிப்புக் கணக்கின் பாஸ்புக், பாதி கட்டிய சிட்டி, எஸ்பிஐயோடு 2017-இல் இணைந்துபோன ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவிதாங்கூரின் பழைய வைப்பு ரசீது, பெயரே மாறிவிட்ட ஏதோ ஒரு ஃபண்டின் அறிக்கை. பத்து வருடம் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிருக்கும். 2023 முதல் அந்த வங்கியின் உத்கம் தளத்தில் அதைத் தேடலாம். நாமினி யார், வாரிசு யார், இரண்டும் ஒன்றா என்று பிரித்து, ஒவ்வொரு அலுவலகத்துக்கும் எந்தப் படிவம் என்று எழுதிக் கொடுத்தால், ஆறேழு மாதத்தில் மனைவியின் பெயருக்கு எல்லாம் வந்து சேரும். இதே வேலையைக் கணவர் உயிரோடிருக்கும்போது ஒரு பக்கத்தில் பட்டியலிட்டு, மனைவியையும் உட்காரவைத்துப் படித்துக்காட்டியிருந்தால் ஆறேழு மாதம் ஆறேழு வாரமாகும். கட்டண ஆலோசகரிடம் வருடாவருடம் புதுப்பிக்கிற குடும்பங்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்காகத்தான் புதுப்பிக்கின்றன, வருமான சதவீதத்துக்காக அல்ல.

ஆலோசகருக்கும் வயதாகும் என்பதைத் தொழில் தொடங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. விநியோகஸ்தர் இறந்தால் டிரெயில் கமிஷன் அவருடைய நாமினிக்குப் போக வழியுண்டு. முதலீட்டு ஆலோசகரின் பதிவு அவரோடு முடிந்துவிடும், அதை மகனுக்கு எழுதிவைக்க முடியாது. குடும்பங்கள் ஒவ்வொன்றும் வேறொரு ஆலோசகரோடு புதிதாக ஒப்பந்தம் போட வேண்டும். 300 வாடிக்கையாளரையோ மூன்று கோடிக் கட்டணத்தையோ தாண்டினால் தனிநபர் பதிவை நிறுவனமாக மாற்றச் சொல்கிறது விதி. திருவனந்தபுரத்தில் அந்த எல்லையைத் தொடுபவர்கள் சிலரே. தொடாதவர்களும் ஐம்பது வயதுக்குள் ஒரு இளையவரைச் சேர்த்துக்கொண்டு கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்வது நல்லது. ஆண்டுக் கூட்டங்களில் அந்த இளையவரையும் பக்கத்தில் உட்காரவைத்தால், குடும்பங்கள் முகம் பழகிக்கொள்ள நாலைந்து வருடமாவது கிடைக்கும்.